பெட்டியின் மூடியில் மட்டும் பொட்டு

1

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு எங்கள் கார் கொட்டகையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கார், புல் வெட்டும் மெஷின், சுவரில் துளை போடும் மெஷின், என் மனைவி செல்வியின் தையல் மெஷின், மாவு அரைக்கும் கிரைண்டர். கிரைண்டர் ஆயுதமா என்று யாரும் கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் அதைவிட அதிகம் உழைக்கிற ஆயுதம் இல்லை. கடைசியில் ஒரு நீலத் தகரப் பெட்டி. அதற்கு மூடியின் நடுவில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். பெட்டியைத் திறக்கவில்லை.

மன்னார்குடியிலிருந்து வீடியோவில் பூஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார் மச்சான் முருகையன். செல்வியின் அண்ணன். டிராக்டரும் அறுவடை மெஷினும் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"மாப்ள, எல்லாத்துக்கும் நல்லா வச்சீங்க. அந்தப் பெட்டிய மட்டும் ஏன் தொறக்கல? உள்ள பாம்பு கீம்பு கெடக்குதா?"

அண்ணன் ஒன்று சொன்னால் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிற செல்வி, அன்றைக்குக் கற்பூரத்தை ஏற்றுவதிலேயே கவனமாக இருந்தாள். மகள் கயல் சுண்டல் கிண்ணத்துக்குள் சிரித்தாள். நான் விளக்கமாகச் சொல்கிறேன் மச்சான் என்றேன். சொல்வதற்குள் நெட் போய்விட்டது. வாயால் சொன்னால் பாதியில் கேலி பண்ணுவார். எழுதினால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கேலி பண்ண முடியும். அதனால் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், நெல் விளைகிற ஒரு சமவெளி. கடல் தெரியாது, மலை தெரியாது. நம் பக்கம் மாதிரியேதான். தஞ்சாவூரில் புறப்பட்டுத் தரங்கம்பாடி வரைக்கும் போனால் ஏறிப் பார்க்க ஒரு மேடு உண்டா? ஆற்றங்கரையும் பாலமும்தான். இங்கேயும் அதே கதை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அதற்கும் முறை உண்டு, முறை தவறினால் பக்கத்து வயல்காரரோடு சண்டையும் உண்டு. ஒரே வித்தியாசம், இங்கே விதைநெல்லை விமானத்தில் ஏற்றி மேலிருந்து தூவுகிறார்கள். இதை முதலில் ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, வெளிநாடு போனதும் பொய் பெரிசாகிவிட்டது என்று சிரித்தார்கள்.

எனக்கு அரிசி ஆலையில் மெஷின் பராமரிப்பு வேலை. ஆலையில் சேர்ந்த நாளிலிருந்தே பெயர்த் தகராறு. நான் கோ. இளங்கோ. இங்கே உள்ள படிவங்களுக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது, குடும்பப் பெயர் கேட்கும். அப்பா பெயரை அங்கே எழுதினேன். அன்றிலிருந்து நான் 'கோவிந்த்'. ஊரில் அப்பாவை முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "கோவிந்த், உப்பை இப்படித் தள்ளு" என்கிறார்கள். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு தடவையும் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

கயல் இங்கே பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சுதான் ரேஷன். காலையில் ஒரு "ம்", சாயங்காலம் ஒரு "சாப்டேன்". அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் ஒரு நாள் வந்து, ஹேங் கிளைடர் பழகப்போகிறேன் என்றாள். துணி றெக்கைக்குக் கீழே குப்புறப் படுத்தாற்போலத் தொங்கிக்கொண்டு, உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பிப் பறக்கிற சமாசாரம். இஞ்ஜின் கிடையாது.

செல்வி அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் வேறு வழியாகப் போனேன். பறக்கிறவர்களைக் காரில் கயிறு கட்டி இழுக்க ஓட்டுநர் வேண்டும் என்று அந்தக் கிளப்பில் கேட்டிருந்தார்கள். ஆலையில் எல்லா வண்டியும் ஓட்டுகிறவன்தானே என்று பேர் கொடுத்தேன். மகளைத் தடுக்கத்தான் முடியவில்லை, கயிற்றின் இந்த முனையிலாவது உட்கார்ந்திருக்கலாமே.

அங்கே எல்லாவற்றுக்கும் தலைவி நோரீன். அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டிய குரல் அப்படியே இருக்கிறது. என்னை ஓட்டுநராக ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அவர் கண்டுபிடித்த ஒரே குறை, ரேடியோவில் கேள்வி கேட்டால் நான் தலையாட்டுகிறேன் என்பது. 'தயாரா?' என்று கேட்பார். நான் காருக்குள் உட்கார்ந்து, நம் ஊர் வழக்கப்படி, அரைவட்டமாகத் தலையை ஆட்டுவேன். ரேடியோவில் தலை தெரியாது என்பதை அவர் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

ஆனால் ஒன்று. வீட்டில் ஒரு வாரம் பேசாததை, ஒரு சனிக்கிழமையில் கயல் என்னோடு ரேடியோவில் பேசினாள். 'கயிறு விறைச்சிருச்சு', 'மெதுவா', 'போதும்ப்பா'. எனக்கு அதுவே பெரிய விருந்து.

3

மச்சானுக்கு முதலில் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி எனக்கு மறக்காது. "பொம்பளப் புள்ளயக் கயித்துல கட்டி கார்ல இழுக்கிறீங்களாமே மாப்ள. பஞ்சாயத்து எதுவும் இல்லையா அங்க?"

பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்க மச்சான் என்றேன். மலை இருக்கிற ஊரில் மலையிலிருந்து குதித்துப் பறப்பார்கள். சமவெளியில் அதற்கு வழியில்லை. பட்டத்தை நூல் கட்டி இழுத்துக்கொண்டு ஓடி மேலே ஏற்றுகிறோம் இல்லையா, அதேதான். பையனுக்குப் பதில் கார். நூலுக்குப் பதில் நீளமான கயிறு. தேவையான உயரம் வந்ததும் பறக்கிறவர் தன் நெஞ்சில் மாட்டியிருக்கிற ரிலீஸை இயக்குவார். கயிறு கழன்று விழும். றெக்கை தன் பாட்டுக்குப் போகும்.

பட்டம் ஒரு பக்கம் சாய்ந்த பிறகும் நூலை இழுத்தால் என்ன ஆகும் என்று மன்னார்குடிப் பையன்களுக்குத் தெரியும். நேராகாது. இன்னும் சாயும், சுற்றிக்கொண்டு தரையில் குத்தும். ஆள் தொங்குகிற றெக்கைக்கும் அதே விதி. சாய்வு ஒரு அளவைத் தாண்டிவிட்டால் உடம்பைச் சாய்த்துத் திருப்ப முடியாது, கயிறு விடாது. அப்போது செய்ய இருப்பது ஒரே வேலை, கயிற்றைக் கழற்றுவது. யோசிக்க நேரமில்லை. அதனால் நெஞ்சில் ஒன்றுக்கு இரண்டு ரிலீஸ். முதலாவது, ஒரு குமிழைப் பிடித்து இழுத்தால் திறக்கிறது. அது மக்கர் பண்ணினால் இரண்டாவது, விரல் நீளத்துக்கு ஒரு சின்ன உலோகக் குழல். உள்ளே வளைந்த ஊசி ஒன்று கயிற்றைப் பிடித்திருக்கும். குழலைப் பின்னால் தள்ளினால் ஊசி விரியும், கயிறு போய்விடும்.

இது தவிர, கயிற்றின் முனையில் மெல்லிசாக ஒரு நூல் வளையம். இழுப்பு அளவு மீறினால் தானே அறுந்துபோகும்.

"அவ்வளவு மெல்லிசா வச்சா அறுந்துறாதா மாப்ள?"

"அறுறதுக்குத்தான் மச்சான் வச்சிருக்கு."

"நாங்கள்லாம் சங்கிலி போடுவோம்" என்றார். சேற்றில் சிக்கின டிராக்டரை இன்னொரு டிராக்டர் கட்டி இழுக்கிற கணக்கு அவருக்கு. சிக்கினால் இழுப்பைக் கூட்டு, அவ்வளவுதான். எனக்கும் கை காலெல்லாம் அந்தக் கணக்குத்தான் ஊறியிருந்தது. இங்கே சிக்கினால் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். அதைப் பழகவே எனக்குப் பல வாரம் ஆனது. அந்த நூலை நம்பி ரிலீஸில் அசட்டையாக இருக்கிறவர்களையும் நோரீன் விடமாட்டார். தரைக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டால், நூல் அறுகிற வரைக்கும் காத்திருக்க உயரம் இருக்காது என்பார்.

4

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், அதாவது விஜயதசமியன்று, கயல் முதல் தடவையாகத் தனியாக உயரத்துக்குப் போவதாக இருந்தது. அதுவரை பயிற்சி தருகிறவரோடு ஜோடியாகவும், தனியாக என்றால் பனைமர உயரத்துக்குள்ளும்தான். நாள் பொருந்தியது தற்செயல். ஆனால் செல்வி அதைக் கவனித்துவிட்டாள். விஜயதசமியில் ஆரம்பிப்பது என்றால் அவளுக்கு மறுப்பு சொல்ல வாய் வராது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், கயல் சமையலறை மேஜையில் அந்த நீலப் பெட்டியைத் திறந்து ரிலீஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செல்வி கீரை ஆய்ந்தபடி, எது எதுக்கு என்று ஒரு நாளும் இல்லாத அதிசயமாகக் கேட்டாள். கயல் அந்தக் குழலை எடுத்துக் காட்டினாள்.

"இதுதாம்மா ரொம்ப முக்கியம். வேற எல்லாம் ஃபெயில் ஆனாலும் இது வேலை செஞ்சா நான் வீட்டுக்கு வந்துருவேன்."

செல்வி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

பூஜை நாள் வந்தது. நம் ஊர் பூஜை எப்படி? மன்னார்குடி பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுக்கச் சந்தனம் அடித்து, ஓட்டுநர் சாலையைப் பார்க்க ஒரு சாண் இடம் விட்டிருப்பார்கள். பூசணிக்காய் உடைத்த ரோட்டில் சைக்கிள்கள் வரிசையாக வழுக்கும். மச்சானின் அறுவடை மெஷினுக்கு மாலை போட்டு, அது பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். எது முக்கியமோ அதற்குப் பெரிய பொட்டு. டிராக்டர் என்றால் ஸ்டியரிங். பம்புசெட் என்றால் மோட்டார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகப் போகும்.

செல்வியின் கையும் போனது. அன்றைக்குப் பெட்டியைத் தானே எடுத்துவந்து, திறந்து, ஒவ்வொன்றாக வெளியே அடுக்கினாள். நானும் கயலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதம் அந்தப் பெட்டி இருக்கிற பக்கமே திரும்பாதவள். தலைக்கவசத்துக்கு ஒரு பொட்டு. முதல் ரிலீஸுக்கு ஒரு பொட்டு. அந்தச் சின்னக் குழலுக்கு மட்டும் குழைத்த சந்தனத்தை விரலில் வழித்து, சுற்றிவர, நன்றாகத் தடிப்பாக.

கயலின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் யார் தடுப்பார்கள்?

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது. ராத்திரிக்குள் சந்தனம் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிட்டது.

5

காலையில் கயல் ஈரத் துணியால் குழலைத் துடைத்தாள். குழலைத் தள்ளிப் பார்த்தாள், நகர்ந்தது. சரி என்று மாட்டிக்கொண்டாள். செல்வியும் கூட வந்தாள், முதல் தடவையாக. எலுமிச்சை சாதமும் பிளாஸ்கில் காப்பியும்.

மைதானத்தில் காற்றில்லாத நல்ல காலை. றெக்கை, தரையை விட்டு எழும்வரை அதைத் தாங்குகிற சின்னச் சக்கர வண்டியில் நின்றது. கயிறு மாட்டியாயிற்று. நான் தூரத்தில் காரில் இஞ்ஜின் ஓட உட்கார்ந்திருந்தேன். புறப்படுவதற்கு முன் நோரீன் வழக்கமாகச் செய்கிற சோதனை ஒன்று பாக்கி. அவர் கயிற்றைப் பிடித்து முழு பாரத்தோடு பின்னால் சாய்வார், அந்த இழுப்பில் ரிலீஸைத் திறந்து காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது திறக்கிற ரிலீஸுக்கு அவரிடம் மதிப்பே கிடையாது.

எனக்கு ரேடியோவில் கேட்டது, 'ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்.'

இஞ்ஜினை அணைத்துவிட்டு ஓடினேன். முதல் ரிலீஸ் நன்றாகத் திறந்திருக்கிறது. இரண்டாவது, அந்தக் குழல், இழுப்பில் இருக்கும்போது அசையவில்லை. கயல் கட்டைவிரல் சிவக்கத் தள்ளியும் அசையவில்லை. நோரீன் அதைக் கழற்றி, பேனாக்கத்தியின் நுனியால் உள்விளிம்பைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

ரிலீஸில் கிளப்புக்குத் தெரியாமல் எதையாவது பூசினவர்களை அவர் சீசன் முழுக்கப் பறக்க விடாமல் உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கயலும் பார்த்திருக்கிறாள். தூசி என்று சொல்லியிருக்கலாம். இங்கே தூசிக்கா பஞ்சம்? அவள், நான்தான் வீட்டில் சரியாகச் சோதிக்கவில்லை, தப்பு என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா இருக்கிற பக்கம் பார்க்கவேயில்லை.

செல்வி பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் வச்சேன்" என்றாள் தமிழிலேயே. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இது எல்லாவற்றையும்விட முக்கியம் என்று மகள் சொன்னாள், அதனால் இதற்கு அதிகமாக வைத்தேன், என்றாள்.

நோரீன் அவளை அதட்டவில்லை. அன்றைக்குப் பறத்தல் இல்லை என்றார். அந்தக் குழலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கயலின் சீசனைப் பற்றி அடுத்த சனிக்கிழமை பேசலாம் என்றார். எலுமிச்சை சாதம் மட்டும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

6

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது செல்வி சொன்னாள்:

"சாமியே வேணாம்னு சொல்லுது. இதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்? விட்டுரு கயலு."

"சாமி வேணாம்னு சொல்லலம்மா. மேல போறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சோம்ல? செக் பண்ணுன்னுதான் சொல்லுது."

"மேல போயி மாட்டியிருந்தா?"

கிளைடரில் கயிற்றை அறுக்க ஒரு கொக்கிக் கத்தி இருக்கும், என் கார்ப் பக்கமும் கயிற்றைக் கழற்றிவிட ஒரு பிடி இருக்கும் என்று ஆரம்பித்தேன். செல்வி பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினேன்.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. கயல் அறையை விட்டு வரவில்லை. அம்மா சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டபோது, அவள் இனி பேசப்போகிற தமிழ் எல்லாம் 'ம்'மும் 'சாப்டேன்'னும்தான் என்று எனக்குப் பயம் வந்தது. செல்வி மச்சானுக்கும் போன் போடவில்லை. அண்ணனிடம் சொல்லி ஒரு வார்த்தை அழுதால் லேசாகியிருக்கும். என்ன வைத்தோம், எங்கே வைத்தோம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்தம்மா கயித்தப் புடிச்சு இழுத்தாங்கள்ல, அது எதுக்கு?"

சொன்னேன். இழுக்கும்போது விடுகிறதா என்று பார்க்க.

"நாத்துக்கட்டு மாதிரி" என்றாள். அவள் கல்யாணத்துக்கு முன் சொந்த வயலில் நடவுக்கு இறங்கினவள். கட்டு தூக்கி எறிந்தால் பிரியக்கூடாது, சேற்றில் நிற்கிறவள் ஒரு சுண்டு சுண்டினால் பிரிந்துவிட வேண்டும். பிரியாத கட்டு வந்தால் வரிசையே நின்று திட்டும். "அத நான் இழுத்துப் பாக்கலாமா?"

7

சனிக்கிழமை செல்வி எலுமிச்சை சாதம் கொண்டுபோகவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே நோரீனிடம் போய், கயிற்றைக் கேட்டாள்.

நோரீன் கயலுக்குப் புதுக் குழல் ஒன்று மாட்டியிருந்தார். சீசனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் செல்வியின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

செல்வி பிடித்தாள். லேசாக இழுத்தாள்.

"அம்மா, இன்னும் நல்லா இழு."

"இழுக்கிறேன்ல."

"இது பத்தாதும்மா. உன் வெயிட் பூரா போடு. விடவே மாட்டேங்கிற மாதிரி இழு."

செல்வி ஒரு நிமிஷம் மகளையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்தாள். இத்தனை மாதம் சாப்பிடாத சோறு, தூங்காத தூக்கம் எல்லாம் சேர்ந்த இழுப்பு அது. எதிர்ப்பக்கம் கயல் றெக்கையோடு ஒரு அடி முன்னால் நகர்ந்துவிட்டாள். இரண்டு பேர் வண்டியைப் பிடித்துக்கொண்டோம்.

கயல் குழலைத் தள்ளினாள்.

டக்.

செல்வி புல்லில் உட்கார்ந்திருந்தாள், கையில் கயிற்றோடு. எல்லோரும் ஓடினோம். நோரீன்தான் முதலில் கை கொடுத்தார். செல்வி கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவையும் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, புடவையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு, மகளின் தலைக்கவச வாரைச் சரிபார்த்தாள். முன்பு பள்ளிக்கூடம் அனுப்பும்போது பை வாரைச் சரிபார்ப்பாளே, அதே மாதிரி.

"நல்லா விடுது. போய்ட்டு வா."

நான் காருக்கு ஓடினேன். தயாரா என்று நோரீன் கேட்டார். வாயைத் திறந்து, தயார் என்றேன். கயிறு விறைத்தது. கண்ணாடியில் றெக்கை தரையை விட்டு எழுந்தது. ஆலைக்கூரை உயரம், தைல மர உயரம், அதற்கு மேலே ஒப்பிட என்னிடம் ஒன்றும் இல்லை. இழுப்பைக் காட்டுகிற முள்ளில் ஒரு கண், கண்ணாடியில் ஒரு கண். பிறகு முள் படக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. கயிறு வானத்திலிருந்து சோம்பேறித்தனமாக இறங்கி வந்தது. காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.

கொஞ்ச நேரம் ரேடியோவில் காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம் அவள் குரல், தமிழில்.

"அப்பா, அம்மா வேலியோரமா கண்ண மூடிட்டு நிக்கிறாங்க. இங்கேருந்து தெரியுது. கயிறு விட்டுருச்சுன்னு போய்ச் சொல்லுங்க. சரியா?"

தலையை ஆட்டினேன்.

ரேடியோ திரும்பவும் கரகரத்தது.

"அப்பா, தலையாட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."